ஊர்ப் பெருமக்களுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. கல்லும் உளியும் கைவசம் இல்லாத காரணத்தால் காகிதத்தில் பொறிக்கிறேன்; பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

மெய்க்கீர்த்தி மன்னர்களுக்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ராஜராஜ சோழனார் கங்கபாடி கொண்டார், நுளம்பபாடி கொண்டார், ஈழமும் கொண்டார். அதற்கு யானையும் குதிரையும் கப்பலும் வேண்டியிருந்தன. என் பெருமக்களுக்கு அவையெல்லாம் எதற்கு? வாசற்படியில் ஒரு காலும் வராந்தாவில் ஒரு காலுமாக நின்ற நிலையிலேயே, கையிலுள்ள காபி ஆறுவதற்குள், எதிரே நிற்பவனின் ஏழு தலைமுறையையும் கொண்டருளுகிறார்கள். கேட்பதோ மூன்று கேள்வி. மூன்றிலும் சாதி என்ற சொல் வராது. அந்த நாகரிகத்தைத்தான் முதலில் பாடியாக வேண்டும்.

அதற்கு முன் பாடுகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை. சாதியில் நம்பிக்கை இல்லாத குறைபாடு உடையவன் நான். பிறவிக் குறை அல்ல. கல்லூரி விடுதியில் தொற்றிக்கொண்டது. என் இல்லாளுக்கும் அதே நோய். நோயாளிகள் இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துத் திருமணமும் செய்துகொண்டோம். இப்படிப்பட்டவர்களையும் 14 ஆண்டுகளாகத் தங்கள் நடுவே மூச்சுவிட அனுமதித்திருக்கும் சமூகத்தை எந்த வாயால் புகழ்வது என்று இத்தனை நாளும் தயங்கியிருந்தேன். சென்ற மாதம் வீடு தேடி அலைந்தபோதுதான் வாய் திறந்தது.

"சாருக்குச் சொந்த ஊரு?"

இது முதற்கேள்வி. எவ்வளவு பாசம்! வாடகைக்கு வீடு கேட்டு வந்த வழிப்போக்கனிடம், அவன் எந்த மண்ணில் தவழ்ந்தான், எந்த ஆற்றில் நீந்தினான் என்று விசாரிக்கும் மனம் வேறெந்த நாட்டில் உண்டு? ஊரின் பெயரைச் சொன்னதும் அவர் திருமுகம் மலரும். "அடடே, அங்கயா! நம்ம ஆளுங்க நெறய பேரு இருக்காங்களே. ஊருல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" இது இரண்டாவது. மூன்றாவது கேள்வி ஆன்மிகம் சார்ந்தது: "குலதெய்வம் எது?" கோலம் போடுகிறவள் புள்ளி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் ஒரு புள்ளி, தெரு ஒரு புள்ளி, தெய்வம் ஒரு புள்ளி. வைத்து முடித்ததும் இழை தானாக ஓடிச் சிக்கில் சேர்ந்துவிடும். கையில் மாவு ஒட்டாது. பிறகு என்றைக்காவது எவராவது "நீங்க சாதி பார்ப்பீங்களா?" என்று கேட்டால், "சேச்சே, நான் கேட்டதே இல்லீங்களே!" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். சொல்கிறார்கள். உண்மையும்கூட.

உயர்ந்த ரகத்தினர் சிலர் வாயையே திறப்பதில்லை. என் முதல் அலுவலகத்தில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். சேர்ந்த அன்றே என் தோளில் கைபோட்டு, முதுகை இடமிருந்து வலமாகப் பரிவோடு தடவிக்கொடுத்தார். அப்பாவுக்குப் பிறகு என்னை இப்படித் தடவிக்கொடுத்தவர் இவர்தான் என்று நெகிழ்ந்துபோனேன். அவர் தேடியது நூல் என்பதைப் பக்கத்து மேசைக்காரர் விளக்கிய பிறகும் என் நெகிழ்ச்சி குறையவில்லை. விரல் நுனியால் வருணாசிரமம் வாசிக்கும் கலை இந்த மண்ணில் இன்னும் அழியாமல் இருக்கிறதே என்ற பெருமிதம்தான் கூடியது.

நாட்டில் மற்ற மாநிலத்தாருக்கு இத்தனை நுண்கலை தேவைப்படவில்லை. வடக்கே பெயரைக் கேட்டால் போதும், வால் தானாக வெளியே வரும். இங்கே 1929இல் செங்கல்பட்டில் சுயமரியாதைக்காரர்கள் மாநாடு கூட்டி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். நாளடைவில் தமிழ்நாட்டார் பெரும்பாலோர் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். வேறு சமூகமாயிருந்தால் அத்தோடு சோர்ந்து உட்கார்ந்திருக்கும். நம்மவர்கள் பெயரில் வெட்டியதைக் கண்ணிலும் காதிலும் வளர்த்துக்கொண்டார்கள். ஒரு புலன் போனால் மற்றப் புலன்கள் கூர்மையாகும் என்று மருத்துவர்கள் சொல்வார்களே, அதுபோல. 1978இல் தெருப் பெயர்களிலிருந்தும் சாதியை நீக்க அரசு ஆணையிட்டது. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலை, ஜி.என். சாலை ஆனது. பலகை மாறிற்று, ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும் நாக்கு மாறவில்லை. அரசாணைக்கும் நாக்குக்கும் போட்டி வைத்தால் நாக்கு ஜெயிக்கும் என்று 45 ஆண்டுகளுக்கு மேலாக நிரூபித்துக்கொண்டிருக்கும் விடாமுயற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நங்கநல்லூரில் தொடங்கி மடிப்பாக்கம் வரை 11 வீடுகள் பார்த்தோம். அந்தப் பதினொன்றிலும் எங்களுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. ஒருவர்கூட முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லவில்லை. "பையனுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம், வீடு தேவைப்பட்டாலும் படும்" என்றார் ஒருவர். பையன் எட்டாம் வகுப்புச் சீருடையோடு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் தம்முடைய மனைவியின் பெயரில் பழியைப் போட்டார்: "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வீட்லதான் கொஞ்சம் ஆசாரம் பார்ப்பாங்க." அவருடைய மனைவி உள்ளிருந்து வந்து, "எனக்கென்னம்மா இருக்கு, மாமியார்தான்..." என்றார். மாமியார் சுவரில் மாலையோடு படமாக இருந்தார். இறந்தவர்களின் விருப்பத்தைக்கூட இத்தனை கவனமாக நிறைவேற்றும் குடும்பங்கள் இருக்கிற வரைக்கும் மழை பெய்யும்.

"நீங்க வெஜ்ஜா?" என்ற கேள்வியின் அழகையும் குறிப்பிடாமல் போனால் பாவம் வந்து சேரும். பார்வைக்கு அது சமையலறைக் கேள்வி. மீன் வாசனை பிடிக்காத ஒருவரின் எளிய மூக்குப் பிரச்சினை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு மனுதர்மமே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, மாதச் சீட்டு ரசீதைப் போல நான்காய் மடித்து. என் இல்லாள் ஒருமுறை வெகுளியாக, "முட்டைகூடச் சாப்பிடறதில்லைங்க" என்றாள். உண்மை அதுதான்; சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஒவ்வாது. வீட்டுக்காரர் குளிர்ந்து, சாவியை எடுக்கத் திரும்பியவர், போகிற போக்கில் அவளுடைய சொந்த ஊரையும் கேட்டார். ஊரையும் சொன்னாள், ஊருக்குள் இருக்கும் இடத்தையும் சொன்னாள். சாவி பழைய ஆணிக்கே திரும்பிற்று. முட்டை சாப்பிடாததால் மட்டும் ஒருவர் சைவமாகிவிட முடியாது என்ற நுட்பமான தத்துவத்தை அன்று கற்றோம். எந்தச் சித்தாந்த நூலிலும் இது இல்லை.

அவளுடைய இடத்தின் பெயர் காலனி. இந்தச் சொல்லுக்குத் தமிழன் அளித்திருக்கும் இருபொருள் நயத்தைக் கண்டால் காளமேகப் புலவரே நாணுவார். சென்னையில் அலுவலர் காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் மரநிழல், அகன்ற சாலை, மனை விலை கோடிக் கணக்கில். செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனால் அதே சொல் ஊருக்கு வெளியே, ஓடைக்கு அப்பால், மயானத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெருமக்கள் சற்றும் கலங்கவில்லை. சொல் போனால் என்ன, ஓடை இருக்கிறது.

ஓடை இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று ஐயுறுவோர் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 1989இல் அவ்வூர்ப் பெருமக்கள் தங்களுக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே ஒரு மதிலை எழுப்பினார்கள். பல்லவர் குடைந்தார்கள், சோழர் அடுக்கினார்கள், நாயக்கர் சுதை பூசினார்கள். அந்த வரிசையில் சுதந்திர இந்தியாவின் தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக்கு ஒரு சான்று வேண்டாமா? 19 ஆண்டுகள் அது நின்றது. 2008 மே 6 அன்று அரசு இயந்திரம் வந்து அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டது. பெருமக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீடு வாசலைத் துறந்து மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மயிர் நீப்பின் வாழாத கவரிமானைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். சுவர் நீங்கினால் வாழாத மானத்தை நேரில் காணும் பேறு நம் தலைமுறைக்கு வாய்த்தது.

துறவு என்று வந்துவிட்டால் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் சொல்லாமல் இருக்க முடியுமா? அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது 1996இல். தேர்தல் அறிவிப்பு வரும், வேட்புமனு வராது. ஒருவழியாக எவரேனும் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் நீட்டுவார். இளங்கோவடிகள் ஒருவர் அரியணையை மறுத்ததைக் காப்பியம் சேர்த்துக் கொண்டாடுகிறோம். இங்கே கூலி வேலை செய்கிற மனிதர்கள், ஒருவர் பின் ஒருவராக, நாற்காலி சூடாவதற்கு முன்பே பற்றறுத்து எழுந்தார்கள். அவர்களை அவ்வாறு பக்குவப்படுத்திய ஊர்ப் பெருமக்களின் பெயர் எந்தக் காப்பியத்திலும் இல்லை. 2006இல் மாவட்ட நிர்வாகம் மெனக்கெட்டு ஊரையே உட்காரவைத்துப் பேசி, தேர்தலை நடத்தி முடித்து, பத்தாண்டுத் தவத்தைக் கலைத்தது.

இனி என் சொந்தக் கதை. பெருமக்களின் கருணையை அடுத்தவர் வாயிலாகக் கேட்பதைவிட அனுபவித்தவன் சொல்வது சிறப்பு.

நாங்கள் மணந்துகொண்டது 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி. 1967இல் அண்ணா கொண்டுவந்த சட்டப்படி நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும்தான். ஆனால் சாதியை வாசலில் கழற்றுவதோடு மதத்தையும் சேர்த்தே கழற்றிவிடுவோம் என்று எங்களுக்கு ஓர் ஆணவம். சட்டம் எழுதிய பெரியோர் எங்களைவிடச் சமூகத்தை நன்கறிந்தவர்கள். திருமணம் செய்ய விரும்புகிறோம் என்று நாங்கள் கொடுக்கும் அறிவிப்பை, பெயர், முகவரி, வயதோடு, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் 30 நாள் ஒட்டிவைக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஊரைவிட்டு ஓடிவரும் பிள்ளைகளை உறவினர் அலைந்து தேட வேண்டாம் பாருங்கள். என் தாய்மாமன் அந்தப் பலகையைப் படித்து, முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு, ஆறு பேரோடு மூன்றாம் நாளே வந்து சேர்ந்தார். அரசாங்க அலுவலகத்தில் ஒரு காரியம் இத்தனை விரைவாக முடிந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாமன் அடிக்கவில்லை. திட்டவுமில்லை. "மாப்ளே, நீ வேணும்னா வச்சுக்க. கட்டிக்காத" என்று மட்டும் அறிவுரை வழங்கினார். எங்கள் குலத்தின் ஒழுக்கம் அந்த ஒற்றை வரியில் தன் முழு உயரத்தையும் காட்டி நின்றது. அவர் பிரம்மச்சாரி ஐயப்பனுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறவர்.

திருமணமானதும் ஊரில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் தலைக்கட்டு என்று ஒரு கணக்கு உண்டு. மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கு அவன் வரி கட்ட வேண்டும். கட்டினால்தான் பரிவட்டம், விபூதி, கறிப்பங்கு, எல்லாம். என் தலைக்கட்டை நோட்டில் எழுதவே இல்லை. ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீதம் பெருமக்கள் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்திருக்கும் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் கண்கள் பனிக்கின்றன.

அதைவிடப் பெரிய நன்றிக்கடன் ஒன்று உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, எங்களைப் போலவே மணந்துகொண்ட இருவர் மீது குடும்பப் பாசம் அரிவாளாக இறங்கியதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. அந்தப் பையன் பிழைக்கவில்லை. தமிழ்நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. நானும் என் இல்லாளும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் பெருமக்களோ தலைக்கட்டை எடுத்தார்களே தவிர, தலையை எடுக்கவில்லை. இதற்கு நன்றி சொல்லாதவன் மனிதனா?

அப்பா மட்டும் ஊரின் பேச்சைக் கேட்கவில்லை. மருமகள் கையால் சாப்பிட்டுவிட்டு, அதைத் தேநீர்க் கடையில் போய்ச் சொல்லவும் செய்தார். முதுமையில் வரும் மறதி என்று பெருமக்கள் முதலில் பொறுத்தார்கள். பிறகு அவர் தலைக்கட்டையும் அடித்துவிட்டார்கள், சிவப்பு மையால். 52 ஆண்டு வரி கட்டிய பெயர்.

அவர் இறந்த அன்று நாங்கள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். பங்காளிகள் வரவில்லை என்று எவரும் பழி சொல்ல முடியாது. வந்திருந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம், வேப்பமரத்தடியில், வெள்ளை வேட்டியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். துக்கத்தைக் கலைக்கக் கூடாது என்று 20 அடி தள்ளியே நின்ற பண்பு அது. பறையடிக்க வருகிறவர்களை வரவேண்டாம் என்று முன்கூட்டியே தடுத்து, அப்பா அமைதியாக உறங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். தோளில் சுமந்தால் உடல் குலுங்கும் அல்லவா. எவரும் தோள் கொடுக்கவில்லை. பக்கத்து டவுனிலிருந்து அமரர் ஊர்தியை வரவழைத்து, நானும் ஓட்டுநரும் என் இரண்டு நண்பர்களுமாக ஏற்றினோம். வண்டி நகர்ந்தபோது மரத்தடியில் சிலர் கைகூப்பியதையும் பார்த்தேன். கூப்பிவிட்டு இடது வலதாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இரவு சித்தப்பா போன் செய்தார். அப்பாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவர். "நான் வந்து தூக்குனதா நெனச்சுக்க தம்பி" என்றார். நினைத்துக்கொண்டேன். அப்படியே பல விஷயங்களை நினைத்துக்கொண்டுதான் எங்களைப் போன்றோர் இந்தச் சமூகத்தில் சௌக்கியமாக இருக்கிறோம்.

மகளுக்கு வயது வந்ததும் பள்ளியில் சேர்க்கப் போனோம். சாதியைக் குறிப்பிட விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று 1973இலும் மறுபடி 2000இலும் அரசாணைகள் உண்டு. அவற்றை நகலெடுத்து எடுத்துப் போயிருந்தேன். அலுவலர் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் படித்தார். "ரொம்ப நல்ல ஜி.ஓ. சார். ஆனா கம்ப்யூட்டர் எடுத்துக்க மாட்டேங்குது" என்றார். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் பணிய வைக்க முடியாத ஒரு கம்ப்யூட்டரை, மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து காவல் காக்கும் அந்த மனிதரின் நிதானத்தை வியந்தேன். கடைசியில் அவரே எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, ஏதோ ஒன்றை நிரப்பிக்கொண்டார். என்ன நிரப்பினார் என்று இதுவரை கேட்கவில்லை. கலைஞன் ஓவியத்தை முடித்த பிறகு எந்த வண்ணம் என்று கேட்பது நயமல்ல.

அன்று அங்கே வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு கனவான் என் காதில் ஓர் உண்மையை ஓதினார்: "சாதியே இந்தச் சர்டிபிகேட்டாலதான் சார் இருக்கு. அதை நிறுத்துனா எல்லாம் சரியாயிடும்." எப்பேர்ப்பட்ட ஞானம்! ஆயிரமாண்டு வினையை ஒரு தாசில்தாரின் ரப்பர் முத்திரைக்குள் அடைத்துவிட்ட நுண்மதி! முத்திரை பெற்றவன் ஒரு நாற்காலி பெற்றால் சாதி. முத்திரை இல்லாதவன் நாற்காலிகள் முழுவதையும் வைத்திருந்தால் திறமை. இதை விளக்கி முடித்த கனவான் அடுத்த மூச்சில், "சாருக்குச் சொந்த ஊரு?" என்றார்.

திருமணச் சந்தையைப் பற்றியும் இரண்டு வரி பாடிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவைப் பத்திகளில் "சாதி தடையில்லை" என்ற புரட்சி முழக்கத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். பெரியார் 94 வயது வரை மூத்திரப் பையோடு ஊர் ஊராகப் போய்க் கத்தியது வீண்போகவில்லை என்று கண்ணீர் மல்கும் வேளையில், அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய திருத்தம் தென்படும்: எஸ்சி, எஸ்டி நீங்கலாக. ஒரு தடையும் இல்லை. இருக்கிற ஒரே தடையைத் தவிர. கூடவே பெண் "நல்ல சிவந்த நிறம்" என்றும் இருக்கும். இத்தனை விரிந்த உள்ளத்தைச் சொல்லுக்கு இவ்வளவு ரூபாய் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு அச்சிடுகிறார்களே என்பதில்தான் எனக்குச் சற்று வருத்தம். இலவசமாகப் போட வேண்டும்.

மாறுபட்ட மனத்தோடு இந்தச் சமூகத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பெருமக்கள் தள்ளவிடுகிறார்கள், நாங்கள் தள்ளுகிறோம். சில சிறிய பழக்கங்கள் படிந்துவிட்டன. எந்த ஊர் என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்வேன். மாவட்டத்துக்குள் எங்கே என்றால் ரயில் நிலையத்தைச் சொல்வேன். குலதெய்வம் என்றால் "வீட்ல பெரியவங்களுக்குத்தான் தெரியும்" என்பேன். பெரியவர் எவரும் இல்லாதது வசதியாகிவிட்டது. என் இல்லாளின் முறை வேறு. கேள்வி வரப்போவதைக் கேட்பவரின் புருவத்திலேயே கண்டுகொண்டு, "தண்ணி குடிக்கலாமா?" என்பாள். தண்ணீர் எதில் வருகிறது என்று பார்த்தால் மீதிக்கேள்வி தேவைப்படாது. முன்பெல்லாம் கடைகளில் தனிக் குவளை வைக்க வேண்டும், கழுவ வேண்டும், கட்சிக்காரர்கள் வந்து போராட்டம் நடத்துவார்கள். இப்போது காகிதக் கோப்பை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கோப்பை, குடித்ததும் எறி. அறிவியலும் மரபும் இத்தனை அழகாகக் கைகோத்த இடம் வேறில்லை.

பன்னிரண்டாவது வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

மாடிப் போர்ஷன். இரண்டு அறை, காற்றோட்டம், பக்கத்திலேயே மகளின் பள்ளி. கீழே வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கூடத்துச் சுவரில் கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்று வரி, பொன்னெழுத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள். அதற்கு நேர்கீழே நாற்காலி போட்டு அமர்ந்து, என்னை நிற்கவைத்து, கனிவான குரலில் கேட்டருளினார்:

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

மாவட்டத்தைச் சொன்னேன். அவர் புன்னகைத்தார். நாற்பதாண்டு வகுப்பெடுத்தவர், பையன் மழுப்புவது தெரியாதா?

"அது சரி. ஊருல எந்தத் தெரு?"

மகள் அந்த வீட்டு ஊஞ்சலில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். வெளியே வெயில். புரோக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடுத்தெரு" என்றேன்.

பொய் இல்லை. நான் பிறந்தது அங்கேதான். அந்தத் தெருவின் வேப்பமரத்தடியில்தான் என் பங்காளிகள் கைகூப்பி நின்றார்கள். ஆசிரியப் பெருந்தகை எழுந்தார். "முகத்தைப் பார்த்ததுமே நெனச்சேன், நம்ம புள்ளைங்கன்னு" என்று தோளைத் தட்டினார். இருவருக்கும் சேர்த்தே சொன்னார். இல்லாளிடம் ஊரும் தெருவும் கேட்கவே இல்லை. என்னுடையது அவளுக்கும் போதும் என்று அவர் தீர்மானித்ததில், பெண்ணுக்குத் தனி முகவரி எதற்கு என்ற நம் மரபின் எளிமை ஒளிர்ந்தது. அவள் அப்போது சமையலறையில் இருந்தாள். குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, தண்ணீர் வரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

குடிவந்து ஒரு மாதமாகிறது. வீட்டுக்கார அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சுண்டல் கொடுத்தனுப்புகிறார், எவர்சில்வர் கிண்ணத்தில். 1940இல் பம்பாயில் நேரில் சந்தித்துக்கொண்ட பெரியாரும் அம்பேத்கரும் எங்கள் பழைய வீட்டில் எதிரெதிர்ச் சுவரில் இருந்தார்கள். இங்கே பீரோவின் மேல், ஒரே அட்டைப் பெட்டிக்குள், பழைய செய்தித்தாள் சுற்றி, முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருக்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னதாக மகளிடம் சொல்லியிருக்கிறோம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

வாடகை 18,000. தண்ணீர்க் காசு தனி. 11 மாத ஒப்பந்தம்.